எங்கள் வீட்டுக்கு வந்த பூமி

கல் நட்ட வீட்டில் "இல்லை" என்று சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தோம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். அது எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே கல் நட்டுவிட்டுப் போவார். கிணறு துளைக்கிற போர் வண்டி வந்து தண்ணி கண்ணில் படுகிற வரைக்கும் அந்த வார்த்தை வாயில் வரக் கூடாது. உப்பு தீர்ந்தால் "உப்பு வாங்கணும்" என்பாள் என் பெண்சாதி சந்திரம்மா. பக்கத்து வீட்டுக்காரி தயிர் கேட்டால் "நாளைக்கு வா" என்பாள்.

எங்களுக்கு அது மூன்றாவது போர். சர்க்கார் கொடுத்த ஒரு ஏக்கரா, அதில் மாங்கன்று. சீசனில் சித்தூர் மாங்கூழ் கம்பெனியில் கூடை தூக்குவேன், மற்ற நாளில் குடம் குடமாகக் கன்றுக்கு ஊற்றுவேன். இந்தப் போரும் காய்ந்தால் நிலத்தை விட்டுவிட்டு பெங்களூர் போய் சிமெண்ட் சட்டி தூக்குவது என்று பேசி வைத்திருந்தோம். பாதித் தெரு அப்படித்தான் பூட்டிக் கிடந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே சந்திரம்மாவுக்குச் சோறு இறங்காது.

பெங்களூரில் மகன் சாய்குமார் வேலை செய்கிற ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. "இது சும்மா கெடக்கற நேரத்தை நல்ல வேலைக்குத் தானமா குடுக்கலாம் நைனா," என்று அதில் என்னவோ ஏற்றினான். திரையில் மூன்று கட்டம். ஒன்று மருந்து கண்டுபிடிக்கிற கணக்கு. ஒன்று நட்சத்திரத்தில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்பது. இன்னொன்று மழை, வெயில்.

"எதுக்கு ஓடணும்னு நீயே டிக் பண்ணு."

தமிழெழுத்தே எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது, இதெல்லாம் இங்கிலீஷ். மழைக் கட்டம் எது என்று கேட்டுக்கொண்டு அதில் வைத்தேன். மாங்கன்று வைத்தவன் வேறு எதில் வைப்பான்?

"ஆயிரம் வீட்டுக்கு ஆயிரம் பூமி குடுப்பாங்க. ஒண்ணொண்ணுலயும் மேகத்தை, சூட்டைக் கொஞ்சம் மாத்தி வெச்சிருப்பாங்க. எது நெசத்தோட ஒத்து வருதுன்னு அப்பறம் பாப்பாங்க. நம்முளுது அதுல ஒரு பூமி, அவ்ளோதான்," என்றான்.

எங்கள் பூமி திரையில் சுற்றியது. நீலம் மழை, பழுப்பு வறட்சி. கீழே வருஷம் ஓடும், நாங்கள் இன்னும் பார்க்காத வருஷங்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நம்ம பக்கம் தேமல் மாதிரி ஒரு பழுப்பு விழுந்தது. வேலை விட்டு வந்து பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பெரிசாகி இருக்கும். சித்தூர், புத்தூர், பலமனேர் எல்லாம் அதற்குள் போய்விட்டன. பெட்டியில் அனல் அடித்தது. சந்திரம்மா அந்த மூலையைப் பெருக்குவதையே விட்டுவிட்டாள்.

கல் நட்டுவிட்டு நீரோட்டக்காரர் கங்கையா காபி குடிக்க உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்.

"இதேமி, செங்கல்வராயா?"

"மழைக் கணக்குண்ணா."

"இதுல மழை எங்க கீது?"

பதில் சொன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க வாயக் கட்டிக்கினு கீறீங்க. இது பகலெல்லாம் அந்த வார்த்தையத்தான் சொல்லிக்கினு கீது."

அவர் போனதும் சந்திரம்மா பிடித்துக்கொண்டாள். "அத்த மாத்துய்யா. நம்ம வூட்டுக்குன்னு பாத்துக் கெட்ட பூமியக் குடுத்துக்கிறாங்க."

மகனுக்குப் போன் போட்டேன். சிரித்தான். "அது கணக்கு நைனா. உன் போருக்கும் அதுக்கும் இன்னா?" அப்புறம் அவனே மனசு இறங்கினான். "சரி, டிக்கை எடுத்துட்டு வேற எதுலயாச்சும் வெய்யி. பூமி அழியாது, வுட்ட எடத்துலயே நிக்கும்."

"மருந்து வாணாம்," என்றாள் சந்திரம்மா. "நோய வூட்டுக்குள்ள கூப்பிட்ட மாதிரி."

நட்சத்திரத்தில் வைத்தேன். திரையில் கோடு கோடாக ஓடியது. "யாராச்சும் பேசனா சொல்லு, ஒரு டேங்கர் தண்ணி கேக்கலாம்," என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நின்றுபோன பூமி பெட்டிக்குள் எங்கேயோ இருந்தது. நாங்கள் பார்க்காவிட்டால் பழுப்பு போய்விடுமா?

திருச்செங்கோட்டு போர் வண்டி காலையில் வந்தது. கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே இடத்தில் இறக்கினார்கள். வெள்ளைப் புழுதி எழுந்து கன்றுகள் மேல் மாவு மாதிரி படிந்தது. இரும்புக் குழாய் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போனது. உச்சி வெயிலில் டிரைவர் ஒரு கை புழுதியை அள்ளி என்னிடம் நீட்டினான். கசக்கிப் பார்த்தேன். ஈரமே பிடிக்காமல் சூடாக உதிர்ந்தது.

"இன்னும் எறக்கட்டுமாங்க?"

சந்திரம்மாவைத் தேடினேன். அவள் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

குழாயை எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். முகமெல்லாம் வெள்ளையாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பூமியப் போடு."

கட்டத்தை மாற்றினேன். விட்ட இடத்திலிருந்து வருஷம் நகர்ந்தது. எந்த வருஷத்திலாவது நனைகிறதா என்று பார்க்கிறாள் போல, கண்ணை எடுக்கவில்லை.

"சாயிகிட்ட ரூம் பாக்கச் சொல்றேன்," என்றேன். பெட்டி இரைந்தது. பழுப்பு கடலோரத்தைத் தொட்டது.

"நிறுத்திடட்டுமா?"

"இல்ல," என்றாள்.

கல்லைத்தான் பிடுங்கியாச்சே. இனி சொல்லலாம்.