இடது கண்ணுக்கு ஒரு சைட்

என் கணவர் பரணிதரனுக்கு உலகத்தில் எதுவும் சாய்ந்திருக்கக் கூடாது. டிராக்டரில் லேசர் கருவி மாட்டி, நன்னிலம் பக்கத்து வயல்களைச் சமன்படுத்துவது அவர் தொழில். வீட்டில் சாமி படம் கொஞ்சம் கோணினாலும் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார்.

எனக்குத் துப்பாக்கிப் பைத்தியம். கல்லூரியில் என்.சி.சி.யில் பிடித்தது, கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. ஏர் ரைஃபிளில் மாவட்ட மெடல்கள் வாங்கிவிட்டு, மாநிலப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். போன சம்பா அறுவடையில் களத்தில் நின்றபோது வலது கண்ணில் நெல் சுணை விழுந்தது. சும்மா இருக்காமல் கசக்கித் தொலைத்தேன். புண்ணாகி, மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டு ஆறியது. ஆனால் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. நான் குறி பார்க்கிற கண் அதுதான்.

இடது தோளுக்கு மாற்றிப் பழகச் சொன்னார்கள். பழகிப் பார்த்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில், "வித்துடுங்க, அதைப் பாத்தாலே வயிறு எரியுது" என்று கத்திவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

அவர் விற்கவில்லை. ஒரு பார்சல் வரவழைத்தார். உள்ளே இன்னொரு சைட், அதாவது குறி பார்க்கிற கருவி. பழைய சைட் துப்பாக்கியின் மேல் அப்படியே இருக்கும். பக்கவாட்டில் ஒரு உலோகக் கை நீட்டிக்கொண்டு, அதன் நுனியில் இரண்டாவது சைட் உட்காரும். வலது தோளில் வைத்துக்கொண்டே இடது கண்ணால் பார்க்கலாம். போட்டியில் அனுமதி உண்டா என்றுகூட விசாரித்து வைத்திருந்தார். இதுவும் சரிவராவிட்டால் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவரிடமும் சொன்னேன்.

முதலில் ஸ்கேலை என் மூக்கின் மேல் வைத்து இரண்டு கண்களுக்கும் இடையே அளந்தார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கிட்ட வந்து, அவ்வளவு நேரம் என் கண்ணை அவர் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத வானதி, அளவு மாறுது."

டிராக்டர் கொட்டகையில் துப்பாக்கியை வைஸ் இடுக்கியில் பூட்டி, ரசமட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து, இரண்டு சைட்டும் ஒரே உயரத்தில் நிற்கும்படி திருகினார். "நூல் பிசகல" என்று பெருமை வேறு.

சுட்டேன். குறி அட்டையில் குண்டுகள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன. புது சைட்டுக்குள் பார்க்க நான் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. நிமிர்த்தினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையைவிட்டு எழும்பிவிடுகிறது. கன்னம் பதியாமல் துப்பாக்கி கையில் நிற்காது. அவரோ மறுபடி ரசமட்டத்தை எடுத்து வந்தார்.

"எல்லாம் கரெக்டாத்தான இருக்கு!"

"துப்பாக்கி கரெக்டாத்தாங்க இருக்கு. நான்தான் இல்ல. மட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, என்னைக் கொஞ்சம் பாருங்களேன்!"

ரசமட்டத்தைக் கீழே வைத்தார். உள்ளே குண்டு இல்லையென்று திறந்து பார்த்துவிட்டு, துப்பாக்கியை என்னிடம் கொடுத்தார்.

"கண்ண மூடிக்க. ஒனக்கு எப்படி சொகமா இருக்கோ அப்படிக் கன்னத்த வையி."

வைத்தேன். "இப்பத் தொற" என்றார். திறந்தால் எதிரே அவர் முகம். என்னைப் போலவே அவரும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சாய்ச்சுத்தான் பாப்ப. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே அப்படித்தான் பாத்த. பொண்ணுக்குக் கழுத்து சுளுக்கான்னு எங்கம்மா கேட்டாங்க. எனக்கு அதுதான் புடிச்சுது. அதப் போயி மறந்துட்டு மட்டம் வச்சேன் பாரு."

கன்னத்தைச் சாய்த்தால் என் இடது கண் வலதைவிட மேலே போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம். திருகைத் தளர்த்தி, சைட்டை என் கண் இருக்கும் இடத்துக்கே உயர்த்தி, இப்போதைக்கு முடுக்கி வைத்தார்.

மறுபடி சுட்டேன். கருவட்டத்தின் நடுவில் இல்லை, ஓர் ஓரத்தில்தான். ஆனால் எல்லாக் குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரே ஓட்டையாக விழுந்திருந்தன. நடுவுக்குக் கொண்டுவருவது வெறும் திருகு வேலை. நான் அந்த அட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதேன்.

துப்பாக்கி மறுபடி வைஸுக்குப் போனது. ஒரு சைட் மேலே, ஒரு சைட் கீழே. பழக்கதோஷத்தில் அவர் கை ரசமட்டத்தைத் தேடியது.

"கோணலா இருக்கே, உங்களுக்கு உறுத்தலையா?" என்று சீண்டினேன்.

கையை இழுத்துக்கொண்டார். "வயலா இருந்தா உறுத்தும்" என்று சொல்லி, அந்தச் சாய்வு மாறாமல் திருகை இறுக்கினார்.