இரைச்சல் நீக்கித் தரப்படும்

என் கணவர் றொபேட்டுக்கு இருமல் பிடிக்காது. சொந்த இருமல் பரவாயில்லை, பிறருடையதுதான் ஆகாது. ஓக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பூசையைப் பதிவு செய்து கொடுப்பவர் இவர்தான். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாமியார் தொண்டை செருமியது, குழந்தை அழுதது, கடைசி வாங்கில் யாரோ மூக்குச் சிந்தியது என்று அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போடுவார். பிறகு கேட்டால், ஆளே வராத கோயிலில் சம்மனசுகள் பூசை வைத்தது போல இருக்கும். சனம் புகழும். இவர் ஒரு சுற்றுப் பருப்பார்.

பகலில் இவருக்கு எலெக்ட்ரீஷியன் வேலை, மிச்ச நேரமெல்லாம் கராஜ். பழைய கசெட், ரீல், வீடியோ எதைக் கொடுத்தாலும் கணினிக்கு மாற்றித் தருவார். தமிழ்க் கடைக் கண்ணாடியில் விளம்பரம் ஒட்டியிருக்கிறோம்: "பழைய ஒலிநாடாக்கள் மாற்றித் தரப்படும். இரைச்சல் நீக்கித் தரப்படும்." இரண்டாவது வசனம் இவருடைய பெருமை. போன் எடுப்பதும், வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும், வேலை பிந்தினால் பொய் சொல்வதும் என் பொறுப்பு.

நியாரட்சோ வந்தது ஒரு சனிக்கிழமை, மழைக்குள். பக்கத்துப் பள்ளிவாசலில் ஏதோ விசேஷம், தெரு முழுக்கக் கார். எங்கேயோ தூரத்தில் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டு வந்தாள். கையிலிருந்த பையை மட்டும் கோட்டுக்குள் வைத்து அணைத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். சிம்பாப்வேக்காரி, பக்குரங்காவில் ஒரு வயோதிபர் இல்லத்தில் தாதி. கூட வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை எங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். இப்போது சிநேகிதியாகிவிட்டதால் அவள் என்றே எழுதுகிறேன். பேசியது ஆங்கிலத்தில், அதை என் தமிழில் போடுகிறேன்.

பைக்குள் இரண்டு ரீல். "இதில் என் அப்பா இருக்கிறார்" என்றாள்.

அவளுடைய அப்பா தக்காவிரா, ம்பிரா வாசிக்கிறவர். ம்பிரா என்றால் உள்ளங்கை இரண்டில் அடங்கும் ஒரு பலகை. அதன்மேல் இரும்பு நாக்குகள் வரிசையாக இருக்கும், அவற்றைப் பெருவிரல்களால் மீட்டுவார்கள். ஒருவர் ஒரு பாதியை வாசிக்க, இன்னொருவர் எதிரில் இருந்து மறுபாதியை இடையிடையே கோத்துக்கொண்டு போவார். அப்பாவுக்கு எப்போதும் முதல் பாதி, அவருடைய தம்பிக்கு மறுபாதி. நியாரட்சோ தாயின் வயிற்றில் இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். மறுபாதியைச் சித்தப்பாவிடம் கற்றுக்கொண்டாள். ஆனால் எந்தப் பாதிக்குப் பதில் சொல்ல அது பிறந்ததோ, அந்தப் பாதியை ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறார்: நியூசிலாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரி வந்தாள். மாதக் கணக்கில் நம்மோடு இருந்தாள், நாம் சாப்பிட்டதைச் சாப்பிட்டாள், அப்பா வாசிப்பதை ஒரு இயந்திரத்தில் பிடித்துக்கொண்டு போனாள்.

"என்னோடு படித்த தாதிகள் எல்லோரும் சம்பளம் பார்த்து நாடு தெரிந்தெடுத்தார்கள். நான் அந்த இயந்திரம் எங்கே போனது என்று பார்த்து விசாவுக்குப் போட்டேன்" என்றாள் நியாரட்சோ.

ஓக்லாந்துக்கு வந்தபின் கண்ட கண்ட ஆட்களிடமெல்லாம் விசாரித்திருக்கிறாள். கடைசியில் அவள் குளிப்பாட்டிவிடும் ஒரு பழைய ஆசிரியைக்குத்தான் ஞாபகம் வந்தது: அது ஐரீன் டன்லப், மானிடவியல் படித்தவள், ஆபிரிக்காவில் திரிந்தவள். டன்லப் எப்போதோ இறந்துவிட்டார். ரானுயியில் இருந்த மருமகனின் கராஜில், கூடாரத்துக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவில், இந்த இரண்டு ரீலும் கிடந்திருக்கின்றன.

எனக்கு அந்த இடத்திலேயே அவள்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. ஒற்றைத் தோடு தொலைந்தால் தேடுவதற்கே எனக்குப் பொறுமை கிடையாது.

இவர் ரீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈரத்தில் கிடந்து பூச்சு உரிந்திருந்தது. தொட்ட விரலில் பழுப்புத் தூள்.

"ஒருதரம்தான் ஓடும். ஓடும்போதே உதிர்ந்துவிடும். இரண்டாம் தரம் கிடையாது" என்றார் அவளிடம்.

முதல் ரீலை மட்டும் தந்துவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை வந்தபோது இவர் ஆயத்தமாக இருந்தார். நாடா ஓடி முடிந்து தூளாகிவிட்டது, பாட்டு கணினியில் பத்திரம். அந்த நாடா இயந்திரத்துக்கும் கணினிக்கும் நடுவில், இரைச்சலை வடிகட்டும் இவருடைய செல்லப் பெட்டி. இவர் பட்டனை அமத்திவிட்டுக் கல்யாண மாப்பிள்ளை போல நிமிர்ந்து நின்றார்.

முதலில் ஒரு பெண் குரல் ஊர்ப் பெயரையும் வாசிப்பவர் பெயரையும் சொன்னது. பிறகு ம்பிரா. மழை விட்டபின் தாழ்வாரத்தில் சொட்டும் தண்ணீர் மாதிரித் துப்புரவான, தனித்தனியான ஒலிகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைப் பார்த்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஆரம்பிக்காத ஒன்றுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ்டர் றொபேட், மிக அழகாக இருக்கிறது. ஆனால் இது என் அப்பா இல்லை."

இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பெயரைச் சொல்லித்தானே தொடங்குகிறது, வேறு யாராக இருக்க முடியும் என்றார். நியாரட்சோ எழுந்தாள். மழையில் காருக்குப் போய், பாதியாக வெட்டிய ஒரு பெரிய சுரைக்குடுவையோடு திரும்பி வந்தாள். குடுவைக்குள் அவளுடைய ம்பிரா செருகியிருந்தது. குடுவையின் விளிம்பைச் சுற்றியும் பலகையிலும் சோடாப் போத்தல் மூடிகளைத் தளரக் கட்டியிருந்தாள்.

வாசித்தாள். இரும்பு நாக்கு ஒவ்வொன்றும் அதிர, மூடிகள் எல்லாம் சேர்ந்து ர்ர்ர் என்று இரைந்தன. ஒரு ஆள் வாசிப்பது ஒரு கூட்டம் முணுமுணுப்பது போலக் கேட்டது. என் நெஞ்சுக்குள்ளேயே இரைவது போல இருந்தது. இவ்வளவு நேரம் நான் கண் கலங்கிக் கேட்டது வெறும் எலும்பு என்று அப்போதுதான் விளங்கியது.

"இந்த இரைச்சல் இல்லாமல் எங்கள் ஊரில் வாசிக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் இறந்துபோனவர்களுக்குக் கேட்காது என்பார்கள். அம்மா சொல்வார், அப்பா வாசித்துக்கொண்டே வருவார், தெரு வளைவில் திரும்பும் முன்னே இரைச்சல் வந்துவிடும், அதைக் கேட்டுத்தான் உலை வைப்பாராம். எனக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான்" என்றாள்.

இவர் தன் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் அழிச்சுப்போட்டன், மலர்."

நியாரட்சோ திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். இரண்டாவது ரீல் இருந்த பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இனி அவள் அப்பா இருப்பது அந்த ஒரு ரீலில்தான், அதுவும் ஒருதரம் ஓடும் அளவுக்குத்தான்.

அந்தக் கிழமை முழுக்க இவர் கராஜ் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை, இருமலும் செருமலுமாக அப்படியே கிடந்தது.

"விளம்பரத்தில போட்டதைத்தானே செய்தனீங்கள். அவவுக்கு முதலே சொல்லத் தெரியாதே?" என்று இவருக்காக நியாயம் கதைத்தேன். எனக்கே அது ஒட்டவில்லை.

"நீர் சும்மா இரும். கேக்கிறதுதானே என்ர வேலை? நான் கேக்கேல்லை" என்றார்.

போன் என்றாலே அலர்ஜியான மனுசன், வியாழக்கிழமை தானே நியாரட்சோவுக்கு அடித்தார். "ரீலைக் கொண்டுவர வேண்டாம். உங்கள் ம்பிராவை மட்டும் கொண்டு வாருங்கள். என் காதைப் பழக்க வேண்டும்." தப்புச் செய்த ஆண்பிள்ளைகள் பொதுவாக விளக்கம் சொல்வார்கள். இவர் பாடம் கேட்டார். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் எனக்கு இவர்மேல் வந்த மரியாதையில் பாதி அந்த ஒரு போனில் வந்தது.

சனிக்கிழமை அவள் வந்தாள். இவர் எதிரில் கதிரையைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அவள் வாசிக்க வாசிக்க, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: இந்த மூடி எந்த நாக்குக்குப் பதில் சொல்கிறது, அது ஏன் பிந்தி அடங்குகிறது, குடுவையைச் சரித்தால் என்ன ஆகும். ஒரு மூடியை விரலால் தொட்டுப் பார்த்து, "இது தளர்ந்துவிட்டது, இறுக்கித் தரட்டுமா?" என்றார்.

"ஐயோ, தொடாதீர்கள்! அதைத் தளர்த்தி அந்த அளவுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மாதம் எடுத்தது!"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அப்படியென்றால் இதில் எது இரைச்சல்?"

"எதுவுமில்லை" என்றாள்.

இவர் தலையை ஆட்டினார். நியாரட்சோ ம்பிராவைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து காருக்குப் போனாள். வரும்போது கோட்டுக்குள் அந்தப் பை.

செல்லப் பெட்டியின் வயர்களை இவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்தார். நாடாவிலிருந்து கணினிக்கு நேரே ஒரு வயர், நடுவில் ஒன்றுமில்லை. ரீலை மாட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டேன். நாடா ஓடத் தொடங்கியது. பழுப்புத் தூள் சொரிந்தது.

டன்லப்பின் குரல் வந்தது. அந்தக் காலத்து நியூசிலாந்து ஆசிரியைகளின் குரல், ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டது.

"களக்குறிப்பு. செவ்வாய்க்கிழமை எடுத்த முந்தைய பதிவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். போத்தல் மூடிகளின் சத்தம் ஒலிவாங்கியைக் கெடுக்கிறது என்று நினைத்து, அவற்றைக் கழற்றும்படி நான் திரு. தக்காவிராவிடம் கேட்டேன். மரியாதைக்காகக் கழற்றி வாசித்தார். அவருடைய தம்பி, இதற்கு நான் வாசிக்க மாட்டேன் என்று எழுந்து மாடு பார்க்கப் போய்விட்டார். திரு. தக்காவிராவின் கர்ப்பிணி மனைவி குடிசைக்குள்ளிருந்து வந்து, யாருக்கு என்ன நடந்தது, ஏன் செத்த வீடு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். பிழை என்னுடையது, மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இன்று மூடிகள் திரும்பக் கட்டப்பட்டுள்ளன. தம்பிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆகவே திரு. தக்காவிரா தன் பாதியை மட்டும் வாசிக்கிறார்."

"சித்தப்பா!" என்று நியாரட்சோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் ஓடியது. "அந்த மனிதர் சாகும்வரை அப்படித்தான் கோபித்தார். அந்த வயிற்றில் இருந்தது நான்."

டன்லப் அம்மையாரை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய படிப்புப் படித்தவர். பேசாமல் முதல் நாடாவை அழித்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? தன் பிழையைத் தன் வாயாலேயே நாடாவில் சொல்லி, அதைப் பத்திரமாகவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்குள் வந்துவிட்டது. ர்ர்ர் என்று அந்த இரைச்சல், தெரு வளைவில் திரும்பும் மனுசன் மாதிரி. அதற்குள் இரும்பு நாக்குகள், உறுதியாக, அவசரமில்லாமல். என்ன கை அது! மறுபாதிக்கு இடம் விட்டு விட்டு வாசிக்கிற கை. கோபித்துக்கொண்டு போன தம்பிக்கும் அந்த இடத்தை அடைக்காமல் வைத்திருந்த கை.

நியாரட்சோ ம்பிராவைக் கையில் எடுத்தாள். இவர் பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி "ஷ்!" என்றார். பிறகு, மைக்கே இல்லை, வயர் மட்டும்தான் என்று நினைவு வந்து, கையைத் தொங்கவிட்டார்.

அவளால் உள்ளே நுழைய முடியவில்லை. பெருவிரல் நாக்குக்கு மேலேயே நின்றது. ஒரு சுற்று போய்விட்டது. இன்னொரு சுற்றில் தொடங்கி, தப்பி, நிறுத்தினாள். தூள் சொரிந்துகொண்டே இருந்தது. ரீல் மெலிந்துகொண்டு வந்தது. நான் மனதுக்குள் மடு மாதாவைக் கூப்பிட்டேன். அப்பா அதே இடத்தை அதே பொறுமையோடு மறுபடியும் திறந்து வைத்தார். அவள் கண்ணை மூடி உள்ளே இறங்கினாள்.

அப்போது கேட்டதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாசிக்காத, அவளும் வாசிக்காத மூன்றாவது பாட்டு ஒன்று இருவருக்கும் நடுவில் எழும்பியது. கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன், எனக்கு வெட்கமே வரவில்லை.

நாடா முடிந்து, வால் பட் பட்டென்று அடித்தது. இவர் பதிவு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்த்தார். வந்திருந்தது, எல்லாம், அந்த இரைச்சலோடு.

நான் இவர் தோளில் கை வைத்தேன். "கேட்டனீங்கள்தானே? முதல் ரீலில மூடியே இல்லையாம். நீங்கள் ஒண்டையும் அழிக்கேல்லையப்பா."

"ஓம். இல்லாதபடியால் அழிக்கேல்லை. இருந்திருந்தால் அழிச்சிருப்பன்" என்றார்.

நியாரட்சோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, ம்பிராவைக் குடுவைக்குள் சரியாக இறுக்கி வைத்தாள்.

"கணினியில் இருப்பதை எத்தனை தரமும் போடலாம்தானே?" என்று கேட்டாள்.

"எத்தனை தரமும்" என்றார் இவர்.

"அப்படியென்றால் முதலிலிருந்து போடுங்கள். அப்பாவைக் காக்க வைத்துவிட்டேன்."

இவர் போட்டார். இந்த முறை அவள் பிந்தவில்லை.