பதினொரு மணி மேடு

வாருங்கள் வாசகர்களே, பட்டப்பகலில் நடந்த ஒரு களவுக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள்!

ஆண்டு 1991. அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகம். தபாலில் வந்த ஆய்விதழைப் புரட்டிக்கொண்டிருந்த நாகஜோதியின் கை பாதிப் பக்கத்தில் நின்றுவிட்டது. அச்சில் இருந்தது அவளுடைய வரைபடம். மேலே இருந்தது அவளுடைய முனைவர் பட்ட நெறியாளரின் பெயர் மட்டும்.

பாலவனத்தத்திலிருந்து நான்காண்டுகள் பஸ்ஸில் வந்துபோய்ச் செய்த வேலை. இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு துளி திரவப் படிகம். அதைச் சூடேற்றி, ஓயாமல் திசை மாறும் மின்புலத்தில் வைப்பாள். குச்சி போன்ற மூலக்கூறுகள் புலம் திரும்பும் பக்கமெல்லாம் தாமும் திரும்பப் பார்க்கும். வேகம் கூடக்கூட ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். பின்தங்கும் இடத்தில் வரைபடக் கோடு மேடாக எழும். ஒரே மேடு.

அச்சிலோ இரண்டு. இதுவரை எவரும் காணாத இரண்டாவது சுழற்சி என்று நெறியாளர் நான்கு பக்கம் விளக்கியிருந்தார்.

ஆய்வகப் பணியாளர் ஞானராஜ் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம மோட்டார் கரண்டுல்ல?"

பகல் பதினொரு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும். சுற்றுவட்டாரக் கிணறுகளிலெல்லாம் மோட்டார் ஓடும். அவள் தந்தை சோணைமுத்துவின் மோட்டாரும் அதிலொன்று. ஆய்வகத்தில் மின்னழுத்தம் சரியும். சூட்டுப்பெட்டி இரண்டு டிகிரி குளிர்ந்து மீளும். கோடு பொய்யாக ஒரு மேடு கட்டும். அதைப் பென்சிலால் வட்டமிட்டு, 'அப்பா' என்று குறித்து ஒதுக்கிவிட்டு, வேறு நேரத்தில் மீண்டும் அளந்திருந்தாள். அந்த நோட்டைப் பார்த்துத் தருவதாக வாங்கிப்போன நெறியாளர், அந்தச் சொல் எதற்கென்று கேட்கவே இல்லை.

அவள் கழித்துப்போட்ட பிழையையா திருடினார்? எதை நினைத்து அதிர்வதென்று அவளுக்கு விளங்கவில்லை.

இதழோடு அவர் அறைக்குப் போனாள். நெறியாளர் நிமிராமலே சொன்னார்: "கடைசி வரியில உனக்கு நன்றி போட்டிருக்கேனேம்மா."

"சார், அந்த ரெண்டாவது மேடு எங்கப்பா மோட்டாரு போட்டது."

அவர் இதழை மூடினார். பிறகு, அவர் கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்த அவளுடைய ஆய்வேட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "யோசிச்சுப் பேசு."

மறுநாள் அவள், வேலை தன்னுடையது, இரண்டாவது மேடு பிழை என்று ஆய்விதழுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டாள். ஞானராஜ் அதைத் தன் பக்கம் இழுத்தார். "இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. இவுக என்ன செய்றாகன்னுதான் பாப்போமே." கையெழுத்திட்டார்.

மணி பதினொன்று. தலைக்கு மேல் விளக்கு மங்கியது. கடிதத்தில் அவர்கள் பெயருக்குக் கீழே தாள் வெறுமையாகக் கிடக்கிறது. சாட்சிகளே, பேனாவைத் திறவுங்கள்.