அம்மாவுக்குப் புரிகிற மாதிரி

நிருபர் அனுப்பிய செய்தியின் மூன்றாவது வரிக்கு வந்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை. ‘கோல்கீப்பருக்கு ஏசிஎல் கிரேடு த்ரீ டேர்.’ அந்த கோல்கீப்பர் அவளுடைய தம்பி. விஷயம் மத்தியானமே தெரியும். வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவனே பேசியிருந்தான். “அம்மாகிட்ட மூச்சு விடாதக்கா. நாளைக்கு வந்து நானே பக்கத்துல உக்காந்து சொல்றேன்.” அம்மாவைப் பொறுத்தவரை அது வெறும் சுளுக்கு.

விளையாட்டுப் பக்கத்தைத் திருத்துவது அவள் வேலை. வாயில் நுழையாத ஆட்டச் சொற்களுக்குப் பதில் வீட்டுப் பேச்சைப் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் மல்லுக்கட்டி அதை விதியாக்கியவளும் அவளே. ‘கிளீன் ஷீட்’ வந்தால் ‘ஒரு கோல்கூட விடவில்லை’ என்று மாற்றுவாள். ஆஃப்சைடுக்கு மட்டும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் முதலில் அம்மாவிடம்தான் படித்துக்காட்டுவாள். மகனின் ஆட்டம் புரியாமலே பத்து வருடம் கைதட்டிய அம்மா, இப்போது பல் துலக்கியதும் அந்தப் பக்கத்தைத்தான் விரிக்கிறாள்.

அன்று மட்டும் அந்த வரியைத் தொடாமல் அனுப்பிவிட்டாள். அம்மாவுக்குப் புரியாமல் ஒரு நாள் தாங்கினால் போதும். பத்தே நிமிடத்தில் ஆசிரியர் வந்து நின்றார்.

“என்னம்மா, இதை அப்படியே விட்டுட்டீங்க? யாருக்குப் புரியும்?”

“இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும் சார். அது என் தம்பி.”

அவர் முகம் வாடியது. மனுஷர் நல்லவர்தான், அதுதான் கஷ்டம். “மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா. ஆனா மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு அடிபட்டப்ப நாம விளக்கமாத்தானே எழுதினோம்.”

அவள் அந்த வரியைத் திரும்ப எடுத்தாள். எழுதினாள்: ‘முழங்காலுக்குள் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார் முழுதாக அறுந்துவிட்டது. இந்த வருடம் ஆட முடியாது. பிறகும் பழையபடி பாய்ந்து பந்தைப் பிடிப்பது சந்தேகம்.’ தம்பியைக் கூப்பிட்டாள், ஃபோன் அணைந்திருந்தது. வீட்டில் தானே சொல்லிவிடலாம் என்று போனாள். தம்பிக்குக் கொடுத்த வாக்கு நாக்கைக் கட்டிப்போட்டது.

காலையில் பேப்பரை எடுக்க ஓடினாள். அம்மா முந்திவிட்டிருந்தாள். வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தாள், எங்கும் தடுக்காமல். கோல்கீப்பர் செய்தி முடிந்தது. குரல் மாறாமல் அடுத்ததற்குப் போனாள். நீச்சல் முடிவுகள். சைக்கிள் பந்தயம்.

“போதும்மா,” என்றாள் மகள்.

அம்மா நிமிரவில்லை. பக்கத்தின் கடைசி மூலையில் இருந்த டயர் விளம்பரத்தை, கடை விலாசத்தோடு, படித்துக்கொண்டிருந்தாள்.