தானாக நீட்டிய கை

"குரங்கு தானா கையை நீட்டுமாப்பா, இல்ல ஆஸ்பத்திரியில என்னைப் பிடிச்ச மாதிரி நாலு பேர் சேர்ந்து பிடிச்சுக்குவாங்களா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. மூளைக் காய்ச்சல் வந்து, பிழைத்து, வீடு திரும்பி ஓர் ஆண்டு ஆகியிருந்தது. அப்பா ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் குரங்குகளைப் பார்த்துக்கொள்கிறார், அங்கே குரங்குகளுக்கு ஊசி போடுவார்கள் என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்தவளின் தலையை அவர் துவட்டிக்கொண்டிருந்தார். துவட்டிய கை நின்றுவிட்டது.

நாலு பேர்கூட அங்கே தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. கூண்டின் பின்சுவர் ஓர் இரும்புப் பலகை. வெளியே இருக்கும் பிடியை இழுத்தால் பலகை முன்னால் நகர்ந்து வரும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் குரங்கு நசுங்காமல் நெருக்கப்பட்டு நிற்கும்; அசைய வழியிருக்காது. ஊசியைக் குத்திவிட்டுப் பலகையைத் தளர்த்திவிடுவார்கள். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடம் அது போடும் கூச்சலைப் பதினோரு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, கூரையில் விழும் மழைச் சத்தம்போல் பழகிக்கொண்டிருந்தார்.

"தானா நீட்டும்மா," என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பொய்யை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பொய்யைத் திரும்ப வாங்க முடியாது, மெய்யாக்கிவிடலாம் என்று மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினார்.

இருபத்தேழாம் எண் கூண்டில்தான் ஆரம்பித்தார். அதில் இரண்டு பெண்குரங்குகள். ஒன்று, போகிறவர் வருகிறவரை மேலும் கீழும் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்திருந்தார். மற்றது ஒரு கணம் ஓரிடத்தில் இருக்காது. அது வாலு. பதிவேட்டில் எண்தான், பெயரெல்லாம் வாய்ப்பேச்சோடு சரி.

கம்பியருகே வந்தால் ஓர் உலர்ந்த திராட்சை. கூண்டிலுள்ள சின்னத் துளையைத் தொட்டால் ஒன்று. கையை வெளியே விட்டால் ஒன்று. விட்ட கையை இழுத்துக்கொள்ளாமல் வைத்திருந்தால் இரண்டு. அப்புறம் பஞ்சால் தொட்டு, மூடிபோட்ட ஊசியால் தொட்டு, ஒரு படி ஏறினால் இரண்டு படி சறுக்கி, எட்டு மாதம் ஆயிற்று. வாலு கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. திராட்சையைப் பறித்துக்கொண்டு மூலைக்கு ஓடிவிடும்.

கூண்டு கழுவும் பெண்ணுக்கு அங்கே ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. வாளியோடு கடக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாள். "என்னண்ணே, பொண்ணு இன்னும் கையைக் கொடுக்கலியா? கையைப் பிடிக்கவே எட்டு மாசம்னா நீங்க எப்பக் குடும்பம் நடத்தி..."

"தண்ணியைப் பார்த்து ஊத்தும்மா, காலெல்லாம் நனையுது."

ஒரு காலையில் அவர் "கை" என்றார். சீமாட்டி துளை வழியே கையை நீட்டியது. ஊசி ஏறியது, இரத்தம் வந்தது, ஒரு சத்தமில்லை. முடிந்ததும் அவருடைய மற்றக் கையைப் பார்த்தது, எங்கே என் கூலி என்பதுபோல. அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்பே சொல்லிவிட்டதுதானே.

ஆறு ஆண்டுகளில் சீமாட்டி எத்தனை முறை கை நீட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு முறைகூட அவர் வெறுங்கையோடு நின்றதில்லை.

இந்த ஆண்டு வந்த ஆய்வு மூளைக் காய்ச்சலுக்கானது. மகளைப் படுக்கையில் போட்ட அதே காய்ச்சல்தான். கொசு வழியாக வருவது, ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு ஒட்டாது. சீமாட்டிக்கு நோயைக் கொடுத்து, பிறகு புது மருந்தைக் கொடுத்தார்கள். வாலு ஆய்வில் இல்லை, துணைக்கு மட்டும். இரண்டாம் வாரம் சீமாட்டியின் இடது கால் இழுத்துக்கொண்டது. ஒரு நாள் வலிப்பும் வந்தது. அவர் மகளுக்கு இன்றைக்கும் எப்போதாவது வருகிறதே, அதே வலிப்பு. அதே மாதிரி விரல்கள் மடங்கின. அவர் கூண்டின் முன் நின்று வாய்க்குள்ளேயே கடவுளைக் கூப்பிட்டார். விலங்குக்காக வேண்டலாமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. படைத்தவனுக்குத் தெரியாத உயிரா?

ஐந்தாம் வாரம் கால் சரியாயிற்று. சீமாட்டி மறுபடி சாய்ந்து உட்கார்ந்து எல்லோரையும் அளந்தது. அவருக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சனிக்கிழமை கால்நடை மருத்துவர் அவரைத் தனியே அழைத்தார். வயதில் இளையவர்; எல்லோருக்கும் டாக்டரம்மா.

"புதன்கிழமை காலைல சீமாட்டிண்ணே."

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. "அதான் நல்லாயிடுச்சேம்மா?"

"நல்லானதாலதான். மருந்து மூளைக்குள்ள எதுவரைக்கும் போச்சு, என்ன பண்ணுச்சுன்னு மூளையை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். நோய்லயே போயிருந்தா இந்தக் கேள்வியே வராது."

பிழைத்ததே அதற்கு வினையாகிவிட்டது. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்றார். கழற்றி முடிந்த பிறகும் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க லீவு போட்டுக்குங்கண்ணே," என்றார் டாக்டரம்மா. "நாங்க பலகையை இழுத்து மயக்க ஊசி போட்டுக்கறோம். அதுக்கப்புறம் அதுக்கு ஒண்ணும் தெரியாது. இல்ல, நீங்களே கூப்பிட்டா அது பயப்படாம வரும். ரெண்டுல எதுவும் தப்பில்ல. நான் வற்புறுத்த மாட்டேன்."

"நான் கூப்பிட்டா வரும்மா. அதான் பயமா இருக்கு."

பலகையை இழுத்தால், ஆறு ஆண்டுகளாக மறந்திருந்த கூச்சலோடு சீமாட்டி போகும். அவர் கூப்பிட்டால் பயமில்லாமல் போகும். ஆனால் நம்பி நீட்டிய கையைப் பிடித்து அனுப்பிவைத்தவர் அவராக இருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

விஷயம் கேள்விப்பட்ட ரேடியோ வாளியைக் கீழே வைத்தாள். "வளர்த்த கடா மார்ல பாஞ்சுதுன்னு சொல்லுவாங்க. வளர்த்தவனே பாயணும்னா எப்படிண்ணே? லீவைப் போட்டுட்டு வீட்ல இருங்க."

செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் மனைவி மகளிடம் சொன்னாள்: "உங்கப்பா மூஞ்சியைப் பாரு, தேள் கொட்டின மாதிரி. என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாரு, பாரேன்."

"ஒண்ணுமில்ல," என்றார் அவர்.

மகள் சிரித்துவிட்டாள். பதின்மூன்று வயது. மேசையில் நோட்டை விரித்து அளவுகோல் வைத்து ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரியில உனக்கு முதுகுல ஊசி போட்டாங்களே, ஞாபகம் இருக்காம்மா?" என்றார்.

"இருக்கே. நாலு பேர் பிடிச்சாங்க. அதுல ஒரு ஆள் வாயில வெங்காய நாத்தம்."

"ரொம்ப வலிச்சுதா?"

"வலிச்சிருக்கும். அது மறந்துபோச்சு." கோடு கோணியது, அழித்தாள். "நீ வெளியே போயிட்ட. அதுதான் ஞாபகம் இருக்கு."

"நானா? நான் அங்கதானேம்மா..."

"கதவுல சின்னக் கண்ணாடி இருந்துச்சுல்லப்பா? அதுல உன் முதுகு தெரிஞ்சுது. நீ திரும்பவே இல்ல."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விட்டாள். மனைவிதான் பதறினாள். "அப்பாவை டாக்டர் வெளியே நிக்கச் சொல்லியிருப்பாங்கடி."

"யாரும் சொல்லல," என்றார் அவர். "நானாத்தான் போனேன். பார்க்க முடியல."

படுக்குமுன் அவர் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை வாலுவை முதலில் பக்கத்துக் கூண்டுக்கு மாற்றி, நடுத்தடுப்பை இறக்கினார்கள். சீமாட்டிக்கு முந்தின மாலையிலிருந்து உணவில்லை. மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் ஒரு பருக்கைகூட இருக்கக் கூடாது. ஒரு திராட்சையும் கூடாது. பசியோடு அவருடைய இடுப்புப் பையைப் பார்த்தது. அவர் பையை வெளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"கை," என்றார். குரல் வழக்கம்போல்தான் வந்தது.

சீமாட்டி கையை நீட்டியது.

ஊசி ஏறிய பிறகு, எப்போதும் போல அவருடைய மற்றக் கையைப் பார்த்தது. அவர் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, அவர் சரிசெய்துவிடுவார் என்பதுபோல் அது கையை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் காத்திருந்தது. அவர் கையுறைக்குள்ளிருந்த தம் விரல்களால் அந்தச் சின்ன விரல்களைப் பிடித்துக்கொண்டார். அதன் கண்கள் முதலில் சோர்ந்தன, பிறகு தலை. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"போதும்ணே. விடுங்க."

"இன்னும் கொஞ்சம்மா."

டாக்டரம்மா காத்திருந்தார். அவருக்கும் அவசரம் இருந்தது, மேலே ஆட்கள் தயாராக நின்றார்கள். ஆனாலும் காத்திருந்தார். அதை ஒரு பெரிய உதவியாக யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. பிறகு சீமாட்டியை வண்டியில் படுக்கவைத்தார்கள். கதவுவரை அவர் கூடவே நடந்தார். கதவுக்கு அப்பால் அவருக்கு வேலையில்லை.

வாலுவை அன்று மதியமே பழைய கூண்டுக்கு மாற்றினார்கள். அது மூலை மூலையாகத் தேடியது. தடுப்பின் அடியில் விரலை விட்டுப் பார்த்தது. பிறகு ஓடவில்லை. மறுநாள் அதன் முன்கையில் ஒரு நாணயம் அளவுக்கு முடியில்லாமல் தோல் தெரிந்தது. தானே பிடுங்கிக்கொள்கிறது. சீமாட்டி இருந்தவரை இரண்டும் மதியமெல்லாம் ஒன்றின் முடியை ஒன்று விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே பொழுதை ஓட்டும். புதுத் துணை வர ஒரு மாதம் ஆகும், பரிசோதனைகள் இருக்கின்றன என்றார் டாக்டரம்மா.

அவர் ஒரு திராட்சையைக் கொடுத்துப் பார்த்தார். சீமாட்டிக்குச் சேர வேண்டியது, இதற்காவது போகட்டும் என்ற எண்ணம். பறித்துக்கொண்டு ஓடும் வாலு அதை வாங்கவே இல்லை. திராட்சை கம்பியில் பட்டுத் தட்டில் விழுந்து கிடந்தது. அது கேட்பது இதையல்ல என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. துணையாக இருந்ததை அவர் கூப்பிட்டுத்தானே அனுப்பிவைத்தார்?

வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் எல்லோரும் போன பிறகு அவர் மட்டும் தங்கினார். தடித்த அங்கியும் இரட்டைக் கையுறையும் முகக்கவசமும் சரிபார்த்துக்கொண்டு, காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கூண்டருகே உட்கார்ந்தார். முன்கையைக் கம்பியோடு ஒட்டி வைத்தார். கூப்பிடவில்லை. வாலு மூலையை விட்டு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிறு அவருக்கு விடுப்பு. அன்றும் வந்தார். அன்றும் அது அசையவில்லை.

திங்கட்கிழமை, வெளியே போகிறவர்களின் சிரிப்பு நடைவழியில் தேய்ந்து அடங்கிய பிறகு, வாலு மெல்ல நகர்ந்து வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தது. இரண்டு விரல்களைக் கம்பி வழியே விட்டு, அங்கியின் சட்டைக்கையில் ஒரு மடிப்பை விலக்கியது. அங்கே ஒரு நூல் பிரிந்திருந்தது. அதைப் பிடித்து, கண்ணருகே குனிந்து ஆராய்ந்து, விட்டுவிட்டு அடுத்த மடிப்புக்குப் போனது. தையல் ஓரமெல்லாம் வரிசையாகப் பார்த்தது. ஓரிடம் முடிந்ததும் அவர் கையை மெதுவாகப் புரட்டி மறுபக்கத்தைக் கொடுத்தார்.

தோளிலிருந்து விரல் நுனிவரை மரத்துப்போயிற்று. கவசத்துக்குள் கண்ணாடி மங்கியது, துடைக்க வழியில்லை. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இடைவேளை முடிந்து நடையில் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் எழுந்து, வாளியை நிமிர்த்திப் பழைய இடத்தில் வைத்தார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மறுநாளும் எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டார்.