திரும்பி உட்கார்ந்து கேட்டவள்

“ஆறே மாசம்தான். பேண்டு பரீட்சை முடிஞ்சதும் நானே மன்னார்குடிக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். பரவாயில்லையா?” என்று கலியன் கேட்டான்.

“பரவாயில்லை” என்றாள் பாமா.

1955ஆம் வருஷம் கார்த்திகையில், பூனாவை அடுத்த கட்கியில், பட்டாளத்துக் குடியிருப்பின் ஒற்றை அறையில் நடந்த பேச்சு அது. முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குழந்தை பாலாம்பாளுக்கு அப்போது நான்கு மாதம். பட்டாளத்து பேண்டில் வாசிக்கும் கலியன் டிரம்பெட்டை எடுத்தால் அது வீறிட்டு அழும். அது அழுதால் அவனால் சாதகம் பண்ண முடியாது. பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்திருந்த அவன் அக்கா தர்மாம்பாளுக்குப் பிள்ளை இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது அவளே குழந்தையையும் எடுத்துப் போகட்டும் என்று கலியன் முடிவு செய்திருந்தான். முடிவு செய்த பிறகுதான் பாமாவைக் கேட்டான். அவள் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பக்கத்தில் நாத்தனார் குழந்தையின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

ரயில் ஏற்றிவிட்டு வந்த பிறகு, பால் கட்டிக்கொண்டு பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள் பாமா. கலியன் பரீட்சையில் தேறினான்.

ஆறு மாதம் ஒன்பது வருஷமாயிற்று. முதலில் குழந்தைக்கு மாந்தம், பிரயாணம் ஆகாது என்றார்கள். பிறகு கலியனை ஒரு வருஷம் வடக்கே அனுப்பினார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது, நடுவில் கலைக்க வேண்டாம் என்று நாத்தனார் எழுதினாள். அதற்குப் பிறகு யாரும் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மன்னார்குடி போனார்கள். பாலா, தர்மாம்பாளை அம்மா என்று கூப்பிட்டாள். பாமாவை ‘பூனா அத்தை’ என்றாள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது கூடம் முழுக்கச் சிரித்தது. முறையே மாறிப்போச்சு போ என்றாள் நாத்தனார். பாமாவும் சிரித்தாள்.

ஒவ்வொரு முறையும் பூனா ஸ்டேஷனில் ஏறும்போதே சொல்லவேண்டியதை மனசுக்குள் கட்டிவைத்துக்கொள்வாள். திரும்பி வரும்போது அது கட்டுப் பிரியாமல் அப்படியே கூட வரும்.

இந்த வருஷம் ஏப்ரலில் கலியனின் டிரம்பெட் கெட்டது. பட்டாளத்தை விட்டு வந்த பிறகு பூனா காம்ப் பகுதியில் ஒரு ஹோட்டலில் மாலைநேரங்களில் வாசித்துக்கொண்டிருந்தான். வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸைச் செருகும் முதல் குழாய் உள்ளிருந்தே அரித்து, பித்தளையின் மேல் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒரு நாள் அதில் ஒரு புள்ளி ஓட்டையாகிவிட்டது. பேண்டுக்காரர்கள் அந்தக் குழாயை லீட் பைப் என்பார்கள். வெளிநாட்டுச் சாமான் வராத காலம். கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருந்த மகாதேவன், நம்ம ஊர்ப் பையன், பழைய குழாயை அளந்து புதிதாக மூன்று செய்து கொடுத்தான். ஒன்று மெல்லிய தகடு, இன்னொன்று கனத்த தகடு. மூன்றாவது செம்பு கூடின பித்தளை, வாய்ப்பக்கம் ஒரு மயிரிழை குறுகலானது.

எதையும் பற்றவைக்கக் கூடாது, ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பற்றவைப்பு என்று கலியன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மகாதேவன் ஒவ்வொரு குழாயையும் நூல் சுற்றி, மெழுகு தடவிப் பொருத்திக் கொடுப்பான். அதே மவுத்பீஸ், அதே நான்கு ஸ்வரங்கள். முதலில் மெதுவாக, பிறகு முழு மூச்சில். ஊதுகிறவனின் சத்தம் அவனைவிட்டு முன்னால் போய்விடுகிறது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படி இருந்தது என்று இன்னொருவர்தான் சொல்லவேண்டும். எந்தக் குழாய் என்று பார்த்துவிட்டால் கண் காதைக் கெடுத்துவிடும் என்பான் கலியன். அதனால் பாமா இருபது தப்படி தள்ளி, பட்டறை வாசலில் முக்காலி போட்டு, பம்பாய் ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்காரவேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அப்படித்தான் உட்கார்ந்தாள். அவளுக்கு நல்ல காது. கனத்த தகட்டில் மேல் ஸ்வரம் முட்டிக்கொண்டு வருவதையும், மெல்லியதில் அது கூசுவதையும் அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அவன் தலையாட்டிக் குறித்துக்கொண்டான். பிறகும் நம்பாமல் அடுத்த வாரம் மறுபடி கூட்டிவந்தான்.

மூன்றாவது ஞாயிறு, முதல் இரண்டு குழாய்களும் முடிந்தபின், உதடு ஆறட்டும் என்று கலியன் எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போனான். மகாதேவன் மூன்றாவதுக்கு நூல் சுற்றிக்கொண்டே வாசலுக்கு வந்து பேச்சுக் கொடுத்தான்.

“நல்ல காரியம் அண்ணி. மனசு பெரிசு உங்களுக்கு.”

பாமா திரும்பிப் பார்த்தாள். எதைச் சொல்கிறான் என்று கேட்டாள்.

“அதான், பாப்பாவை அக்காவுக்கே சுவீகாரம் எழுதிக் குடுக்கறீங்களே. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். ஜூன்ல பெரிய ஸ்கூல்ல சேர்க்கணுமாம், தகப்பன் பேரு அவங்க வீட்டுக்காரர் பேரா இருக்கணும்னு அக்கா எழுதியிருக்காங்களாம். நாளைக்கு ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பறதா அண்ணன் சொன்னாரு. அண்ணியும் கையெழுத்துப் போடணுமேன்னு நான்கூடக் கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“அவகிட்ட அன்னிக்கே கேட்டாச்சு, பரவாயில்லைன்னுட்டா அப்படின்னாரு.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கையில் நூல் நின்றது. “ஏன் அண்ணி, உங்களுக்குத் தெரியாதா?”

ரோட்டில் கரும்பு லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். லாரி போன பிறகும் எடுக்கவில்லை. ஒரு குழாய்க்கு மூன்று வாரம். தட்டிப் பார்த்து, ஊதிப் பார்த்து, அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு. அவள் பெற்ற குழந்தைக்கு ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்தை வைத்தே ஒன்பது வருஷமும், இனி வரப்போகிற ஆயுசும் முடிந்துவிட்டது.

அவன்மேல் மட்டும் கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வார்த்தை அவளுடையதுதானே. புடவை பிடித்ததா என்றால் பரவாயில்லை, கால் வலிக்கிறதா என்றால் பரவாயில்லை, ஊருக்கு இந்த வருஷம் வேண்டாமே என்றால் பரவாயில்லை. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லத் தெரியாதவளா அவள்? சொன்னால் மறுத்துவிடுவான் என்ற பயம். மறுத்துவிட்டால், பிறகு எதை நம்பி அடுத்த ரயிலில் ஏறுவது?

கலியன் வாயைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாக வந்தான். திரும்பி உட்காரச் சொன்னான். உட்கார்ந்தாள்.

மூன்றாவது குழாயில் ஊதினான். தாழ்ந்த ஸ்வரம் தடங்கலே இல்லாமல் கிளம்பியது. மேலே போகப் போக அகலமாயிற்றே தவிர எங்கும் கிழியவில்லை. இதுதான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. இத்தனை இனிமையான சத்தம் அவனிடமிருந்து வருவதை அந்த நேரத்தில் அவளால் பொறுக்க முடியவில்லை.

“எப்படி?” என்றான்.

“பரவாயில்லை.”

மகாதேவன் தலையைக் குனிந்துகொண்டு, அப்படியானால் எதைப் பற்றவைக்கிறது என்று முணுமுணுத்தான். கலியன் சிரித்தான்.

“உனக்குப் புரியாதுடா. பரவாயில்லைன்னா அவளுக்குப் புடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறேன். இதையே பத்தவை.”

“அதுக்கு அந்த அர்த்தம் இல்லை” என்றாள் பாமா.

“அப்ப ரெண்டாவதா?”

“குழாயைச் சொல்லலை.”

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். மகாதேவன் அவன் தோளைத் தொட்டு, தான் சொல்லிவிட்டதாகத் தாழ்ந்த குரலில் சொன்னான். பட்டறையில் லேத் ஓடவில்லை. டிரம்பெட்டின் வால்வுகளைக் கலியன் விரல்கள் அழுத்துகிற சத்தம் மட்டும், காற்றில்லாமல், டக் டக்கென்று கேட்டது.

“அக்கா ரொம்பக் கெஞ்சி எழுதினா, பாமா. குழந்தையும் அவளைத்தான் அம்மான்னு நினைக்குது. உனக்குக் குழந்தை வேணும்னு நீ ஒரு நாளாவது வாயைத் திறந்து கேட்டியா?”

கேட்டதில்லை. அது நிஜம். அவள் திரும்பவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் அந்த வார்த்தைதான் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ரோட்டைப் பார்த்தபடியே, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அந்தத் தபாலைப் போடாதீங்க. எனக்கு என் பொண்ணு வேணும். போய்க் கூட்டிட்டு வாங்க.”