பக்கக் கோட்டுக்கு வெளியே

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் அந்தச் சனிக்கிழமை காலை ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கத்தில் கபடிக் கழகத் தலைவர் மோகனராஜ். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே பொருளாளர் பால்ராஜ். இடப்பக்கம், கல்லூரியில் விளையாட்டுக் கல்வி கற்பிக்கும் ஐரீன். எதிர்க்கோடியில் அணித்தலைவி கிறிஸ்டல். செயலாளர் ரமணி மட்டும் கதவோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில், எழுதி முடித்த கடிதத்தோடு.

போன ஞாயிறு இறுதியாட்டம் முப்பதுக்கு முப்பது என்று நின்றபோது, கடைசியாகப் பாடிப் போனவள் ரமணிதான். எதிரணியான பாயான் பாருவில் ஒருத்தியைத் தொட்டுத் திரும்பினாள். ஆனால் தொடுவதற்கு முன்பே ரமணியின் இடது கால் பக்கக் கோட்டுக்கு வெளியே பட்டுவிட்டது; அப்படிப் பட்டால் அவள் அவுட், புள்ளி எதிரணிக்கு. நடுவர் பார்க்கவில்லை. ஆரவாரத்தில் அவளும் வாய் திறக்கவில்லை. கோப்பை வந்தது, ஈப்போவில் நடக்கும் தேசியப் போட்டிக்கு இடமும் வந்தது. அதை ஒப்புக்கொள்ளும் அந்தக் கடிதம் போட்டி நடத்தியவர்களுக்குப் போனால் இரண்டும் பாயான் பாரு அணிக்கு.

“விசில் அடிச்சாச்சு, முடிஞ்சுது லா,” என்றார் மோகனராஜ். “ஐரீன், நீ படிச்சவ. சொல்லு.”

“கிரேக்கர் காலத்துல ஜெயிச்சவனுக்குத்தான் மாலை, ரெண்டாவது ஆளுக்கு ஒண்ணும் கிடையாதுண்ணே. அப்புறம் வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துல, ஆட்டம் குணத்தை வளர்க்கணும்னான். போன நூற்றாண்டுல தத்துவக்காரங்க வந்து, விதியை மீறினா நீ அந்த ஆட்டத்தையே ஆடலைன்னாங்க. அதுக்கும் மறுப்பு வந்துச்சு. விதி மட்டும் போதாது, ஆடுறவங்களோட எழுதாத பழக்கமும் சேர்ந்ததுதான் ஆட்டம்னு.”

மோகனராஜ் மேசையைத் தட்டினார். “அப்படி வா! விசில் வர்ற வரைக்கும் எவனும் வாய் திறக்க மாட்டான். அதான் பழக்கம்.”

பால்ராஜ் சிரித்துவிட்டார். “டீச்சரையே மடக்கிட்டாரு.”

ரமணி எழுந்தாள். “அது ஊர்ப் பழக்கம்ணே. நம்ம பழக்கம் வேற. பயிற்சிக்கு ஏது நடுவர்? கால் வெளிய பட்டா நாமளே கையைத் தூக்கிட்டுப் போய் உக்காந்துடுறோம். மூணு வருஷத்துல ஒரு சண்டை வந்திருக்கா?”

“பயிற்சி வேற, போட்டி வேறம்மா,” என்றார் மோகனராஜ்.

“அப்போ எதுக்குண்ணே பயிற்சி?”

ரமணி கிறிஸ்டலைப் பார்த்தாள். ஈப்போவுக்கென்று வேலையில் லீவு கூடச் சொல்லிவைத்திருந்தவள் அவள்.

“எனக்குக் கடுப்பாத்தான்கா இருக்கு,” என்றாள் கிறிஸ்டல். “அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சரி, அனுப்பு. அடுத்த வருஷம் அவங்களை அஞ்சு பாயிண்ட்ல அடிப்போம். யார் காலையும் பார்க்க வேண்டியிருக்காது.”

மோகனராஜ் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். “உன் கையெழுத்து மட்டும் இருந்தா நீ தனியாப் புகார் குடுத்த மாதிரி இருக்கும்,” என்று முனகியபடி கீழே தானும் ஒப்பமிட்டார். பால்ராஜ் கழக முத்திரையை அழுத்திக் குத்தினார்.

மதியம் அஞ்சலகம் மூடுவதற்குள் ரமணி போய்ச் சேர்ந்தாள். கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் இட்டாள். ஓரத்தைப் பசை வைத்து ஒட்டி, கட்டைவிரலால் நீவிவிட்டு, பதிவுத் தபாலில் சேர்த்தாள்.